திமால் என்று திருத்தவும்

விதி இப்படிச் சொல்கிறது: அரச அலுவலகத்துக்கு ஒருவர் எழுதினால் வீண் தாமதமின்றிப் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடியாவிட்டால், ஏன் முடியவில்லை, எப்போது முடியும் என்று சொல்லி ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும்.

அருமையான விதி. ஓய்வு பெறும்வரை ஒஸ்லோவில் ஒரு கந்தோரில் இருந்து, இதையும் இதன் சகோதர விதிகளையும் பிறருக்கு எடுத்துச் சொல்லியே சம்பளம் வாங்கினேன். "சில ஆம்பிளையள் குளிக்கேக்கை பாட்டுப் படிப்பினம். இந்த மனிசன் சட்டம் படிக்கும்" என்பது என் மனைவி புஷ்பத்தின் முறைப்பாடு.

அந்த விதி எங்கள் வாசலுக்கு வந்து நின்றது ஒரு வைகாசி மாதத்துப் பின்னேரம்.

ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வரிசை வீடு. மழை விட்டிருந்தது, ஆனால் முன்னால் நிற்கும் பேர்ச் மரம் இன்னும் தன் பங்குக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் சுனிதா. எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள், கையில் கிருமிநீக்கி மணம் போகவில்லை. அந்தக் கையில் தொலைபேசி.

"தாய், இதை வாசி" என்றாள்.

நேபாளியில் அண்ணனைக் கூப்பிடும் சொல் காதில் அப்படித்தான் விழும். முதல் நாள் கேட்டபோது புஷ்பம், "உங்களைத் தாய் எண்டால், அப்ப நான் ஆர்?" என்று கேட்டாள். மற்றபடி நானும் சுனிதாவும் கதைப்பது நோர்வேஜியத்தில். அதில் பிரதம மந்திரிக்கும் பூனைக்கும் ஒரே "நீ"தான். ஆகவே அவள் என்னை "நீ" என்பதை வாசகர்கள் மரியாதைக் குறைவாக எடுக்க வேண்டாம். இங்கே நான் எழுதுவது அவளுடைய பேச்சு, என்னுடைய யாழ்ப்பாணத் தமிழில்.

தொலைபேசியில் இருந்தது எங்கள் பகுதியின் கோடைப் பண்பாட்டு நாளுக்கான நிகழ்ச்சி நிரல். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நேரத்துக்கு எதிரே இரண்டு வரி. தமிழ் நடனம். நேபாள நடனம்.

"நல்லாத்தானே கிடக்கு?"

"நான் ஆடப்போறது நேபாள நடனம் இல்லை. திமால் ஆட்டம். நீ விண்ணப்பத்திலை திமால் எண்டு எழுதினனியோ இல்லையோ?"

"எழுதினனான்."

"அப்ப ஆர் மாத்தினது?"

யாரும் மாற்றவில்லை. அதுதான் இதில் உள்ள வில்லங்கம். சங்கத்துக்காக நான் நிரப்பிய விண்ணப்பத்தில் "நாடு" என்று ஒரு பெட்டி. எழுத இடமில்லை, வரிசையாக விழும் பெயர்களில் ஒன்றைத் தொட வேண்டும். நேபாளத்தைத் தொட்டேன். கீழே விளக்கத்தில் திமால் என்று ஒரு பந்தி எழுதினேன். கணினி பந்தியை விட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டது.

"இப்பிடியெண்டால் நான் ஆடேல்லை" என்றாள் சுனிதா.

சத்தமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். உள்ளே வரச்சொல்லித் தேத்தண்ணி வைத்தோம்.

தட்டையான நேபாளம்

நேபாளம் என்றவுடன் நோர்வேக்காரர் மலையைப் பற்றிக் கேட்பார்கள். சுனிதா வேலை செய்யும் இல்லத்தில் ஒரு முதியவர் ஒவ்வொரு காலையும், "எவ்வளவு உயரம் வரை ஏறினாய்?" என்று கேட்பாராம். "இரண்டாம் மாடி" என்பாளாம் இவள்.

அவளுடைய ஊர் கிழக்கு நேபாளத்தின் சமவெளி. நெல்வயல், ஆறு, நுளம்பு, வியர்வை. பனியை முதன்முதலாகக் கண்டது ஒஸ்லோ விமான நிலையத்தில். எங்கள் ஊரைப் பற்றி நான் சொன்னால், "ஓம், அதே மாதிரித்தான்" என்பாள். பனைமரம் மட்டும் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

திமால் மக்களுக்குத் தனிப் பாசை, தனிப் பூசை, தனி உடுப்பு, தனி ஆட்டம். பெரிய தொகை இல்லை. மழை தொடங்கும் அசார் மாதத்தில் ஊர்த் தெய்வத்துக்குப் பூசை, அதோடு மேளமும் ஆட்டமும். அவர்களுடைய அசார் எங்களுடைய ஆனி. நாள்கூட ஏறத்தாழ ஒன்று. கோடைப் பண்பாட்டு நாளும் ஆனியில் வந்ததுதான் அவளுக்கு ஆசையைக் கிளப்பியது. ஒஸ்லோவிலும் பக்கத்திலும் உள்ள திமால் பெண்கள் நாலு பேர், மேளத்துக்குக் கணவன் பிரேம். அவ்வளவுதான் படை.

"நேபாளம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை" என்றாள் தேத்தண்ணியை ஊதியபடி. "என்ரை பாஸ்போட் நேபாளம். ஆரும் கேட்டால் நேபாளி எண்டுதான் சொல்லுவன். ஆனா இந்த ஆட்டம் எங்கடை."

"விளங்குது" என்றேன்.

"உனக்கு விளங்குது. ரியாவுக்கு?"

ரியா அவளுடைய மகள். ஏழாம் வகுப்பு. இங்கே பிறந்தவள். அந்த வசந்தத்தில் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தின் மக்கள், மொழி பற்றிச் சுவரில் ஒட்ட ஒரு பெரிய தாள் செய்ய வேண்டியிருந்தது. ரியா திமால் என்றாள். ஆசிரியை நல்லவர். தேடிப் பார்த்தார், தன்னிடம் இருந்த பட்டியலில் கிடைக்கவில்லை. "நேபாளம் என்று போடுவோமா?" என்று அன்பாகக் கேட்டார். பிள்ளை தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்லியிருக்கிறாள்: "அம்மா, அப்பிடி ஒண்டு இல்லையாம். தேடிப் பாத்தவை."

அதுவரை தாய் திமாலில் கேட்டால் மகளும் திமாலில் பதில் சொல்வாள். அன்றிலிருந்து நோர்வேஜியம் மட்டும். சண்டை இல்லை, கோபம் இல்லை. இல்லாத ஒன்றில் ஏன் கதைக்க வேண்டும் என்ற நியாயம்.

"இந்த நாட்டிலை அச்சிலை இருந்தால்தான் பிள்ளையள் நம்புவினம்" என்றாள் சுனிதா. "அதுக்குத்தான் இந்த ஆட்டமே."

புஷ்பம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம்: சட்டம் படிக்கிறீங்களே, இப்ப படியுங்கோ.

பூனாட்டும் பெட்டியும்

அன்று இரவே, விழாவை நடத்தும் அரச கந்தோருக்குத் திருத்தம் கேட்டு எழுதினேன். நல்ல விண்ணப்பம். இளைப்பாறிய பிறகு நான் எழுதியதில் அதுவே சிறந்தது என்று நினைக்கிறேன்.

நோர்வேயில் தேசிய நாளுக்குப் பெண்கள் பூனாட் அணிவார்கள். அவரவர் ஊரின் மரபுடை. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒன்று. தையல் வேறு, கரை வேறு, வெள்ளிப் பித்தான் வேறு. ஒரு பள்ளத்தாக்கின் பூனாட்டைப் பார்த்து அடுத்த பள்ளத்தாக்கின் பெயரைச் சொன்னால் அந்த அம்மா உங்களோடு அந்த வருடம் கதைக்க மாட்டா. இதைக் குறிப்பிட்டு, பள்ளத்தாக்குக்கொரு பெயர் வைத்திருக்கும் மக்கள், ஒரு முழு நாட்டுக்கு ஒரே பெட்டி வைத்திருப்பது நியாயமா என்று பணிவாகக் கேட்டேன். கடைசியில் கோரிக்கை, ஒரே வரியில்: நேபாள நடனம் என்பதைத் திமால் நடனம் என்று திருத்தவும்.

உடனே ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் செய்தி கிடைத்தது." சுனிதா சந்தோசப்பட்டாள். கிடைத்தது என்பது பதில் அல்ல என்பதை அவளுக்கு விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. அது இயந்திரம் இருமுவது.

பிறகு அந்தப் பக்கம் அமைதி.

பாட்ஸ்பியோர்ட்டில் ஒரு இந்திய நடனம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எண்பதுகளில் எங்களில் பலர் நோர்வேயில் முதலில் மிதித்த மண் ஒஸ்லோ அல்ல, வடக்கே பாட்ஸ்பியோர்ட். மண் என்றும் சொல்ல முடியாது. கல், பனி, கடல், மீன் வெட்டும் தொழிற்சாலை. கொழும்பில் கணக்கியல் படித்த நான் அங்கே கொட் மீனின் முள் எடுத்தேன். மீனுக்கு என் தகுதிகளைப் பற்றி அக்கறை இருக்கவில்லை.

என் மேசைக்கு எதிர் மேசையில் மலர் அக்கா. இன்றைக்கு எங்கள் சங்கத் தலைவர் தேவா மாஸ்டரின் மனைவி. அன்றைக்கும் அவருக்கே மனைவி, ஆனால் அவர் தலைவராக இல்லை, பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். மலர் அக்காவின் கை கத்தியைவிட வேகம், வாய் கையைவிட வேகம். போர்மனே அவவுக்குப் பயப்பட்டான்.

ஒரு குளிர்காலம் ஊர் மண்டபத்தில் ஒரு விழா. வெளிநாட்டு வேலையாட்கள் தங்கள் நடனம் ஒன்று ஆட வேண்டும் என்று கேட்டார்கள். எங்களில் யாருக்கும் நடனம் தெரியாது. நாங்கள் பரீட்சைக்குப் படித்த ஆட்கள். மலர் அக்கா விடவில்லை. மேசையில் நின்ற பெண்களைச் சேர்த்து, உடைந்த மீன்பெட்டிப் பலகையில் கோல் சீவி, இடைவேளைகளில் கோலாட்டம் பழக்கினா. கோலில் மீன் மணம். சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை, காலில் தொழிற்சாலைக் கறுப்புச் சப்பாத்து, ஏனென்றால் மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் பனி.

ஆடத் தயாராக நிற்க, ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒலிவாங்கியில் சொன்னார்: "அடுத்து, இந்தியாவிலிருந்து ஒரு நடனம்."

ஆடினார்கள். கைதட்டினார்கள். மலர் அக்கா மண்டபத்தின் பின்னால் போய், கோலை முழங்காலில் வைத்து முறித்தா. "நாங்கள் ஆர் எண்டு கேக்கக்கூட இவங்களுக்கு ஒரு நிமிசம் கிடைக்கேல்லை" என்றா. நான் சமாதானம் சொல்லப் போனேன். "நீர் பேசாமல் இரும், தம்பி" என்றா.

இனி முன்னால் வரலாம்.

கறுப்பு

திமால் குழு தனிச் சங்கமாகப் பதிந்திருக்கவில்லை, ஆகையால் எங்கள் சங்கத்தின் விருந்தினராகத்தான் மேடை ஏறலாம். தேவா மாஸ்டர் பெருமனதோடு சம்மதித்தார். ஆனால் எங்கள் நேரம் என்றால் எங்கள் முறை. மங்கள விளக்கு, வரவேற்புரை, நடனம், பொன்னாடை, நன்றியுரை. நாடு மாறினோம், மொழி மாறினோம், இந்த வரிசை மாறவில்லை.

ஒத்திகை ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில். பெண்கள் நாலு பேரும் பொஹ்னா உடுத்து வந்தார்கள். தறியில் நெய்த கறுப்புத் துணி, ஓரத்தில் சிவப்புக் கோடு, மார்பிலிருந்து கெண்டைக்கால்வரை சுற்றிக் கட்டியது. நாலு பேரும் வரிசையாக நின்றபோது, அந்த மஞ்சள் விளக்கு மண்டபத்தில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்த ஒரே பொருள் அதுதான்.

மலர் அக்கா என்னை ஒரு பக்கம் இழுத்தா.

"தம்பி, விளக்கேத்தேக்கை கறுப்போ?"

"அது அவையின்ரை உடுப்பு, அக்கா."

"இருக்கட்டும். மங்களத்துக்குக் கறுப்பு ஆகாது. எங்கடை பிள்ளையளின்ரை சிவப்புச் சேலை நாலு காரிலை கிடக்கு. உடுத்துப்போட்டு ஆடட்டும், இன்னும் வடிவாயிருக்கும்."

நல்ல மனதோடுதான் சொன்னா. காருக்குப் போய்ச் சேலையையும் கொண்டுவந்துவிட்டா.

சுனிதா என்னிடம் கேட்டாள்: "அவ என்ன சொல்லுறா?"

சொன்னேன். மொழிபெயர்ப்பாளன் தன் கருத்தைச் சேர்க்கக்கூடாது என்பது விதி.

சுனிதா தன் துணியைக் குனிந்து பார்த்தாள். "இதை நான் என்ரை கலியாணத்துக்கு உடுத்தனான்" என்றாள். "இதைவிட மங்களம் வேறை என்னட்டை இல்லை."

அதையும் மொழிபெயர்த்தேன். மலர் அக்கா சேலைகளோடு ஒரு கதிரையில் இருந்தா. அப்போது புஷ்பம் வாய் திறந்தாள்.

"அக்கா, மே மாதம் கறுப்புப் பூனாட் போட்ட உங்கடை அயலட்டைப் பெண்களுக்கு நடுவிலை நிண்டு படம் எடுத்துப் போட்டனீங்கள். அண்டைக்கு மங்களம் எங்கை போனது?"

"அது அவையின்ரை—" என்று தொடங்கிய மலர் அக்கா பாதியில் நிறுத்தினா.

முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. "சரி, உடுக்கட்டும். விளக்கேத்தேக்கை கொஞ்சம் பின்னுக்கு நிக்கட்டும்." சங்க யாப்பில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். புஷ்பம் என் காலை மிதித்தாள்.

பிறகு ஆடிக் காட்டினார்கள். பிரேம் வாய் திறந்து நான் கேட்டது குறைவு. மேளத்தைக் கழுத்தில் போட்டதும் ஆள் வேறு. பெண்கள் ஒருவர் இடுப்பில் ஒருவர் கை கோத்து வந்தார்கள், பிறகு கை விட்டு, குனிந்து, ஏதோ அள்ளி, நிமிர்ந்து, உதறி, மறுபடி குனிந்தார்கள். துள்ளல் இல்லை. தண்ணீருக்குள் நடப்பது போன்ற அடி.

"என்ன அள்ளுறா?" என்று கேட்டா மலர் அக்கா.

"மீன். மழைக்கு ஆறு பெருக, பெண்கள் சேர்ந்து போய் அள்ளுறதாம்."

"மீனோ!" மலர் அக்கா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டா. கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தா. முடிந்ததும் சுனிதாவிடம் நோர்வேஜியத்தில் சொன்னா: "இவ்வளவு ஆறுதலாய் அள்ளினால் எங்கடை போர்மன் உங்களை வீட்டை அனுப்பியிருப்பான்."

சுனிதா சிரித்தாள். நாலு பேரும் சிரித்தார்கள். சேலைகள் காருக்குத் திரும்பிப் போயின.

ஒரு மாதம் முடிந்தது. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். இயந்திரம் இன்னொரு தடவை இருமியது.

ஊற்றலாம், குடிக்கக்கூடாது

பண்பாட்டு நாள், பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட பிறகு வந்த சனிக்கிழமை. நல்ல வெயில், ஒஸ்லோவின் வழமைப்படி அதற்குள் ஒரு குளிர் காற்று.

மேடைக்குப் பின்னால் பிரேம் என்னைத் தேடி வந்து ஒரு தண்ணீர்ப் போத்தலைக் காட்டினான். உள்ளே வெள்ளையாக ஒரு திரவம். வீட்டில் புளிக்க வைத்த அரிசிக் கள். மேளத்தைத் தொட முன் கொஞ்சம் நிலத்துக்கு ஊற்ற வேண்டும், அது தங்கள் வீட்டு வழக்கம், பொலிஸ் பிடிக்குமா என்று கேட்டான்.

யோசித்துச் சொன்னேன்: "பொது இடத்திலை குடிக்கக்கூடாது எண்டுதான் சட்டம். ஊத்தக்கூடாது எண்டு இல்லை. தெய்வம் குடிச்சால் அது தெய்வத்தின்ரை பொறுப்பு."

மேடை பலகை, சுற்றிவர தார். பின்பக்கம் ஒரு பேர்ச் மரத்தடியில் மண் கண்டான். அங்கே ஊற்றிவிட்டுக் கும்பிட்டான். பக்கத்தில் நின்ற காவலாளி மரத்துக்கு உரம் என்று நினைத்திருப்பார்.

நான் அறிவிப்பாளரைத் தேடிப் போனேன். காதில் கருவி மாட்டிய இளம்பெண், மிகவும் பண்பானவள். திமால் என்று வாசிக்க முடியுமா என்று கேட்டேன்.

"தாளில் இருப்பதை மட்டும்தான் வாசிக்க எனக்கு அனுமதி" என்றாள்.

முறைப்படி சரியான பதில். அதே பதிலை நான் பிறருக்குச் சொன்ன காலத்தில், அது காதுக்கு இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் எழுதித் தெரிவிக்கவில்லை. ஆனால் அதே தாளின் அடியில், ஒவ்வொரு குழுவும் தன்னைப் பற்றிச் சில வார்த்தை பேசலாம் என்று இருந்தது. அந்த வார்த்தை தேவா மாஸ்டருடையது.

"மாஸ்டர், திமால் எண்டு ஒரு சொல். மறந்திடாதேங்கோ."

"அதுக்கென்ன, முதல் வேலையா அதைச் சொல்லுறன்."

சுனிதாவுக்குச் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஆனால் அவள் கண் கூட்டத்தில். முன்வரிசைக்குப் பக்கத்தில் ரியா தன் சிநேகிதிகளோடு நின்றாள், சாதாரண உடுப்பில், படம் பிடிக்கத் தொலைபேசியைத் தூக்கியபடி.

காற்றுக்குச் சகுனம் தெரியாது

முதலில் விளக்கு. மலர் அக்கா திரியைக் கொளுத்தினா, காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினா, மறுபடி அணைத்தது. பட்டுச் சேலைத் தலைப்பால் மறைத்தா. தலைப்பே காற்றில் பறந்து தீப்பிடிக்கப் பார்த்தது. கூட்டத்தில் யாரோ அனுதாபத்தோடு கைதட்டினார்கள். அதைவிட அவமானம் இல்லை.

சொன்னபடி பின்னுக்கு நின்ற சுனிதா, குளிருக்குத் தோளில் போர்த்தியிருந்த இன்னொரு பொஹ்னாவை எடுத்து விரித்தாள். மற்றப் பெண்கள் கேட்காமலே வந்து முனைகளைப் பிடித்தார்கள். கறுப்புத் துணி விளக்கைச் சுற்றி ஒரு கூடு ஆனது. தடித்த துணி, காற்று புகவில்லை. உள்ளே மலர் அக்காவின் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. ஒவ்வொரு திரியாக, ஆறுதலாக, எல்லாத் திரியையும் ஏற்றினா.

துணியை எடுக்க வேண்டாம் என்று கையால் காட்டினா. ஆகவே எங்கள் மங்கள விளக்கு அன்று கறுப்புத் துணிக்குள்ளேயே எரிந்தது.

பிறகு தேவா மாஸ்டர் வரவேற்றார்.

எங்கள் ஆட்களிடம் ஒலிவாங்கி கொடுத்த எவருக்கும் இது நடந்திருக்கும். வந்திருந்த பிரமுகரை வரவேற்றார், வராத பிரமுகரையும் வரவேற்றார். முன்னாள் தலைவர்களை நினைவுகூர்ந்தார். மண்டபம் தந்த பள்ளிக்கூடம், ஒலி தந்தவர்கள், மழையைத் தடுத்துத் தந்த இயற்கை. மேடைக்குக் கீழே ஒருவன் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான். மாஸ்டர் அதை உற்சாகமூட்டல் என்று எடுத்துக்கொண்டார். கடைசியில் ஒலியைக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள். திமால் என்ற சொல் வரவேயில்லை.

எங்கள் பிள்ளைகள் ஆடி முடித்தார்கள். அறிவிப்பாளர் தாளைப் பார்த்து, தெளிவாக, அழகாக வாசித்தாள்: "அடுத்து, நேபாள நடனம்."

சுனிதா நகரவில்லை.

மேடையின் ஓரத்தில் நாலு பேரும் நின்றார்கள். பிரேமின் கை மேளத்தின் மேல் கிடந்தது. கூட்டம் கைதட்டிவிட்டுக் காத்திருந்தது, பிறகு மெல்லக் கதைக்கத் தொடங்கியது. ரியா தூக்கிய தொலைபேசியை இறக்கினாள். அறிவிப்பாளர் இன்னொரு தரம் வாசித்தாள். நேபாள நடனம்.

எனக்குத் தெரிந்த விதிகளில் இந்த நேரத்துக்கு ஒன்றும் இருக்கவில்லை.

தேவா மாஸ்டர் ஒரு கையில் பொன்னாடையும் மறு கையில் ஒலிவாங்கியுமாக நின்றார். மலர் அக்கா போய் ஒலிவாங்கியைப் பிடுங்கினா.

"என்னப்பா செய்யிறீர்?" என்றார் மாஸ்டர். ஒலியை மறுபடி கூட்டியிருந்தார்கள் போல, அது ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது.

மலர் அக்கா நோர்வேஜியம் படித்தது பாட்ஸ்பியோர்ட்டில், மீன் மேசையில். அவ பேசுவது அசல் வடக்கு வழக்கு, ஒஸ்லோவில் அப்படிப் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள். பட்டுச் சேலையும் பெரிய பொட்டுமாய் ஓர் அம்மா, கடலோடி மாதிரிப் பேசினா:

"இல்லை, இல்லை, இல்லை! இது நேபாள நடனம் இல்லை. இவை திமால் ஆக்கள். இது திமால் ஆட்டம். என்னை ஒருக்கா இப்பிடித்தான் இந்தியா எண்டு மேடையிலை ஏத்தினவங்கள். நான் இன்னும் மறக்கேல்லை. ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம். திமால்!"

கூட்டம் சிரித்தது. சொன்னது.

"கேக்கேல்லை! பின்னுக்கு பியர் குடிக்கிற ஆக்களும்!"

திடல் முழுவதும் சொன்னது. அறிவிப்பாளரும் சொன்னாள். வாசிக்கத்தான் அவளுக்கு அனுமதி இல்லை, சொல்ல இருந்தது.

பிரேமின் கை விழுந்தது. நாலு பேரும் தண்ணீருக்குள் இறங்குவது போல மேடைக்கு வந்தார்கள்.

இன்னும் நேபாளம்

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கும் நல்லது. ஆனால் அடுத்த கிழமை காணொளி இணையத்தில் ஏறியது. தலைப்பு: நேபாள நடனம். மலர் அக்காவின் பகுதியை நேரம் கருதி வெட்டியிருந்தார்கள்.

ரியா அதைத் தாயிடம் காட்டினாளாம். "பாத்தியா அம்மா, சத்தமாச் சொன்னவை. எழுதேல்லை." கேலியாக இல்லை. தாய்க்காகக் கவலைப்பட்டுத்தான். நோர்வேஜியத்தில்.

சுனிதா எங்கள் வீட்டில் வந்து இதைச் சொல்லிவிட்டு, "போதும் தாய், விடு. அவ்வளவு சனம் சொன்னது எனக்குக் காணும்" என்றாள். காணாது என்பது முகத்தில் தெரிந்தது.

நான் விடவில்லை. ஓய்வுபெற்றவனிடம் உள்ள ஒரே செல்வம் நேரம். பதில் தராததைப் பற்றி முறைப்பாடு, அதன் பிறகு ஒரு நினைவூட்டல், காணொளித் தலைப்பையும் சேர்த்து இன்னொரு கடிதம். இலை கொட்டியது. மோர்டென்ஸ்ருட் ரயில் நிலையத்துப் படிகளில் உப்புத் தூவத் தொடங்கினார்கள். புஷ்பம், "அந்தக் கந்தோரிலை உங்களைப்போல ஒருத்தர் இருக்கிறார் போல" என்றாள். பாராட்டு இல்லை.

பொங்கலுக்கு எதிரான அடுப்பு

எங்கள் வீட்டு மின்னடுப்பு பாதுகாப்பானது. பால் பொங்கி வழிந்தால் கீச்சென்று கத்தித் தானே நின்றுவிடும். தைப்பொங்கலை விபத்து என்று கருதும் அடுப்பு. ஒவ்வொரு வருடமும் நாங்கள் "பொங்கலோ பொங்கல்" என்று சொல்ல, அது அபாய ஒலி எழுப்பும். புஷ்பத்துக்கு இப்போது அது சங்கொலி மாதிரி.

சுனிதாவின் வீட்டிலும் அன்று மாதப் பிறப்புத்தான். எள்ளுருண்டையும் அவித்த வள்ளிக்கிழங்கும் தட்டில் வைத்து, பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். பின்னால் ரியா, பாதிக் கண் தொலைபேசியில்.

காலையில் என் மின்னஞ்சல் பெட்டிக்குள் கந்தோரின் பதில் வந்திருந்தது. அதை நான் அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். சொல்லத் தொடங்க முன் ரியா கையில் எடுத்துவிட்டாள். சத்தமாகவே வாசித்தாள். பதில் தாமதமானதற்கு வருந்துகிறார்களாம். கோரிக்கை நியாயமானதாம். நிகழ்ச்சி நிரலிலும் காணொளித் தலைப்பிலும் திமால் நடனம் என்று திருத்தியிருக்கிறார்களாம். இனிமேல் விண்ணப்பத்தில் "நாடு" என்ற பெட்டிக்குக் கீழே, "மக்கள்" என்று எழுதுவதற்கு ஓர் இடம் விடுவார்களாம். அடியில் ஒரு மனிதரின் பெயர், கையொப்பம். ஆக, உள்ளே ஆள் இருந்திருக்கிறார்.

ரியா தன் தொலைபேசியில் தேடினாள். காணொளியைக் கண்டாள். தலைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தாயிடம் ஏதோ சொன்னாள்.

எனக்கு விளங்கவில்லை. நோர்வேஜியமாக இருந்தால் விளங்கியிருக்கும்.

சுனிதா எள்ளுருண்டைத் தட்டை மேசையில் வைக்க மறந்து, கையில் பிடித்தபடியே நின்றாள்.

"என்னவாம்?" என்று கேட்டாள் புஷ்பம்.

"பசிக்குதாம்" என்றாள் சுனிதா.

புஷ்பம் இரண்டு அகப்பை பொங்கலை அள்ளி வைத்தாள். போகும்போது சுனிதா அந்தத் தாளைக் கேட்டாள். கொடுக்க முன், பழைய பழக்கத்தில், பேனையை எடுத்து வலது மேல் மூலையில் கிடைத்த திகதியைப் போட்டேன்.

தை முதலாம் நாள்.